நீல் யங்கின் ‘கம்ஸ் எ டைம்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீல் யங்கை விரும்பிக் கேட்கிறவர்கள்கூட ‘கம்ஸ் எ டைம்’ என்றால் “அது எந்த வருஷத்து ஆல்பம்?” என்று ஒரு நொடி யோசிக்கிறார்கள். சில வருடங்களாக, கேட்டவர் கேட்காதவர் எல்லோர் தலையிலும் இதைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் கீழே. சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

இது என்ன ஆல்பம்? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

1978 அக்டோபரில் ரிப்ரீஸ் நிறுவனம் வெளியிட்டது. பத்துப் பாட்டு, சுமார் 37 நிமிடம். ஒன்பது பாட்டு அவரே எழுதியது, கடைசிப் பாட்டு மட்டும் இயன் டைசன் எழுதியது. அக்கூஸ்டிக் கிட்டார், ஃபிடில், ஸ்டீல் கிட்டார், கூடவே வரும் ஒரு பெண் குரல், அவ்வளவுதான். அட்டைப் படத்தில் நீல் யங் சிரிக்கிறார். அவருடைய மற்ற ஆல்பம் அட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சேதி என்று தெரியும்.

நீல் யங்கை நான் கேட்டதே இல்லை. யார் அவர்?

1945-இல் கனடாவின் டொராண்டோவில் பிறந்து, விண்ணிபெக்கில் வளர்ந்து, இருபது வயதில் லாஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சேர்ந்தவர். பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழு, பிறகு கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் கூட்டணி, அப்புறம் தனியாக. மெல்லிய, கொஞ்சம் நடுங்குகிற, மூக்கோடு ஒட்டிய குரல். முதல் முறை கேட்பவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை.

அவரிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அக்கூஸ்டிக் கிட்டாரும் ஹார்மோனிகாவுமாக அமைதியாகப் பாடுகிறவர். இன்னொருவர் கிரேஸி ஹார்ஸ் என்ற குழுவை வைத்துக்கொண்டு காது கிழிய எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர். இந்த ஆல்பம் முதலாமவருடையது. ஆனால் இரண்டாமவரும் இரண்டு பாட்டுக்கு எட்டிப் பார்க்கிறார், அதைப் பிறகு சொல்கிறேன்.

நன்றாகத்தானே விற்றது? அப்புறம் எப்படி ‘கண்டுகொள்ளப்படாத’ ஆல்பம்?

நியாயமான கேள்வி. அமெரிக்கப் பட்டியலில் 7-ஆம் இடம் வரை போனது. 1972-இல் முதல் இடம் பிடித்த ‘ஹார்வெஸ்ட்’டுக்குப் பிறகு, அவருடைய தனி ஆல்பங்களில் முதல் பத்துக்குள் நுழைந்தது இதுதான். அதனால் விற்காமல் போன ஆல்பம் என்று யாரும் சொல்ல முடியாது. விற்றது, ஆனால் பேச்சில் தங்கவில்லை.

காரணம் அது மாட்டிக்கொண்ட இடம். ‘ஹார்வெஸ்ட்’ தந்த பெரும்புகழ் நீல் யங்குக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. அதிலுள்ள ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ தன்னை நடுச்சாலையில் கொண்டுபோய் விட்டதாகவும், அங்கே சலிப்புத் தட்டியதால் பள்ளத்தை நோக்கி வண்டியைத் திருப்பியதாகவும் 1977-இல் வந்த தன் தொகுப்பு ஒன்றின் குறிப்பில் அவரே எழுதினார். ‘டைம் ஃபேட்ஸ் அவே’, ‘ஆன் த பீச்’, ‘டுநைட்ஸ் த நைட்’ என்ற மூன்று இருண்ட ஆல்பங்களை ரசிகர்கள் இன்றைக்கும் ‘பள்ளத்து மூன்று’ என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். விமர்சகர்களுக்கு அந்த மூன்றும் உயிர். 1979-இல் ‘ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்’ வந்தது, அதுவும் அவர்களுக்கு உயிர். இந்த இரண்டுக்கும் நடுவே சிரித்த முகத்தோடு ஒரு ஆல்பம் வந்தால் என்ன ஆகும்? துக்க வீட்டுக்கும் போர்க்களத்துக்கும் நடுவில் இருக்கிற டீக்கடை மாதிரி, எல்லோரும் ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள், கடையின் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆல்பம் கடைக்கு வந்த அதே 1978 இலையுதிர் காலத்தில் நீல் யங் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். எதற்கு? கிரேஸி ஹார்ஸோடு, மேடையில் ஆளுயரத்தைத் தாண்டிய போலி ஆம்ப்ளிஃபயர்களை நிறுத்தி, ‘ரஸ்ட்’ பாட்டுகளை இடிபோல வாசிப்பதற்கு. தலைப்புப் பாட்டைத் தனியாளாக ஒருமுறை பாடுவார், அப்புறம் இடி. தன் ஆல்பத்தைத் தானே முந்திக்கொண்டு ஓடிவிட்டார்.

நீங்கள் எப்படி இதற்கு வந்து சேர்ந்தீர்கள்?

வெட்கத்தோடு சொல்கிறேன். ஒரு நண்பனின் ஹார்ட் டிஸ்கிலிருந்து நீல் யங்கின் மொத்தச் சரக்கையும் நகலெடுத்த காலம் அது. ‘ஹார்வெஸ்ட்’டை மனப்பாடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஆல்பத்தின் முதல் பாட்டை ஓடவிட்டேன். ஒரு நிமிடத்தில் பின்னால் வயலின்கள் கூட்டமாக எழுந்தன. “சரி, இது ஜோடனை” என்று அடுத்ததற்குத் தாவிவிட்டேன். அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருடம் தொடவில்லை.

ஒரு மழை இரவில் கரண்ட் போயிற்று. கைப்பேசியில் பாட்டுகளைக் கலைத்துப் போட்டு, சத்தம் கொஞ்சம் பெருகட்டும் என்று எவர்சில்வர் டம்ளருக்குள் செருகி வைத்திருந்தேன். ‘ஆல்ரெடி ஒன்’ வந்தது. டம்ளருக்குள்ளிருந்து தகரத் தொனியில் அந்தக் குரல் வர, அதன் தோள்மேல் கைபோட்ட மாதிரி ஒரு பெண் குரல் சேர்ந்தது. யார் இது, எந்த ஆல்பம் என்று எடுத்துப் பார்த்தால் நான் ஜோடனை என்று தள்ளிவைத்தது. பேட்டரி 11 சதவீதம். முதல் பாட்டிலிருந்து போட்டேன். எட்டாவது பாட்டில் கைப்பேசி அணைந்தது.

அந்தப் பெண் குரல் யாருடையது?

நிக்கலெட் லார்சன். இந்த ஆல்பத்துக்குள் போவதற்கு அவர்தான் வாசல் என்பது என் கட்சி.

1952-இல் மொன்டானாவின் ஹெலெனாவில் பிறந்தவர். கமாண்டர் கோடி, எம்மிலூ ஹாரிஸ் போன்றவர்களுக்குப் பின்குரல் பாடிக்கொண்டிருந்தார். நீல் யங்குக்குச் சேர்ந்து பாட ஒரு குரல் தேவைப்பட்டபோது பாடகி லிண்டா ரான்ஸ்டாட் இவரைக் கைகாட்டினார். 1977-இல் வந்த ‘அமெரிக்கன் ஸ்டார்ஸ் அண்ட் பார்ஸ்’ ஆல்பத்தில் லிண்டாவும் இவரும் சேர்ந்து பாடினார்கள். அடுத்த ஆல்பமான இதில் லிண்டா இல்லை, இவர் மட்டும்.

பின்குரல் என்றால் பெரும்பாலும் பல்லவியில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். இங்கே அப்படியில்லை. பல பாட்டுகளில் வரிக்கு வரி கூடவே நடக்கிறார். நீல் யங்கின் குரல் ஒற்றைக் கம்பி மாதிரி, எங்கே அறுமோ என்று நமக்குப் பதற்றமாக இருக்கும். லார்சன் அதன் மேலே ஏறிப் பாடாமல், ஒட்டினாற்போலப் போகிறார். எங்கே மூச்சு எடுக்கிறாரோ அங்கேயே மூச்சு எடுக்கிறார். தலைப்புப் பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். சில வார்த்தைகளின் கடைசியில் நீல் யங் முடித்துவிட்ட பிறகும் அவர் குரலின் ஒரு நூலளவு மிச்சம் நிற்கும்.

1992-இன் ‘ஹார்வெஸ்ட் மூன்’ ஆல்பத்திலும் வந்து பாடினார். 1997 டிசம்பரில், 45 வயதில், மூளை வீக்கத்தால் இறந்துபோனார்.

‘லாட்டா லவ்’ பாட்டை வேறு யாரோ பாடிக் கேட்ட ஞாபகம். எது அசல்?

நீங்கள் கேட்டதும் லார்சன் பாடியதாகத்தான் இருக்கும். நீல் யங்கின் வண்டியில் தரையில் கிடந்த ஒரு கேசட்டை எடுத்துப் போட்டபோது இந்தப் பாட்டு இருந்ததாகவும், பிடித்திருக்கிறது என்று சொன்னதும் “எடுத்துக்கொள், உனக்குத்தான்” என்று அவர் சொன்னதாகவும் லார்சன் சொல்லியிருக்கிறார். தன் முதல் ஆல்பத்தில் அதைப் பாடினார். தயாரிப்பாளர் டெட் டெம்பிள்மன் அதைப் பளபளவென்று துடைத்து, நடனத் தாளம் சேர்த்து வெளியிட, 1979 தொடக்கத்தில் அமெரிக்காவில் 8-ஆம் இடம் வரை போனது. எழுதியவரின் பாட்டு ஆல்பத்துக்குள் ஒரு மூலையில் இருந்தது, பாடியவரின் பாட்டு வானொலி முழுக்க ஒலித்தது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். லார்சனுடையதில் நம்பிக்கை பொங்குகிறது. நீல் யங்குடையதில் கிரேஸி ஹார்ஸ் வாசிக்கிறார்கள், அந்த முரட்டுக் கூட்டம் பூனைபோல் அடியெடுத்து வைக்கிறது. அன்பு நிறைய வேண்டியிருக்கும் என்று சொல்கிற குரலிலேயே, அது கிடைக்காது போலிருக்கிறதே என்ற சந்தேகமும் கேட்கும். எனக்கு இதுதான். உங்களுக்கு அது பிடித்தால் சண்டை போட மாட்டேன்.

கிரேஸி ஹார்ஸ் வாசிக்கும் இன்னொரு பாட்டு ‘லுக் அவுட் ஃபார் மை லவ்’. காதலைப் பற்றி இவ்வளவு மிரட்டலான தொனியில் ஒரு பாட்டு வருவது அரிது. “என் காதல் உன் தெருவுக்கு வந்திருக்கிறது, ஜாக்கிரதை” என்கிற தோரணை. அக்கூஸ்டிக்காகத் தொடங்கி, எலெக்ட்ரிக் கிட்டார் பாதியில் உறுமிக்கொண்டு நுழையும்.

எப்படிப் பதிவு செய்தார்கள்? இவ்வளவு பேர் வாசிப்பதாகப் பட்டியலில் இருக்கிறதே?

முதலில் இது தனியாள் ஆல்பம். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் ஒரு ஸ்டுடியோவில் நீல் யங் தனியாகப் பாடி, வாசித்து, டேப்பை எடுத்துக்கொண்டு வார்னர்–ரிப்ரீஸ் தலைவர் மோ ஆஸ்டினிடம் போட்டுக் காட்டினார். ஆஸ்டினுக்குப் பிடித்தது, ஆனால் தாளமும் மற்ற வாத்தியங்களும் சேர்த்துப் பார்க்கலாமே என்றார். கம்பெனிக்காரர்கள் சொன்னால் அதற்கு நேர்மாறாகச் செய்கிற ஆசாமி நீல் யங். இந்த ஒருமுறை ‘சரி’ என்றார். நாஷ்வில்லுக்குப் போனார்.

போனவர் ஒன்றிரண்டு பேரோடு நிறுத்தவில்லை. அக்கூஸ்டிக் கிட்டார் வாசிப்பவர்களே அரை டஜனுக்கு மேல். அது போக ஒரு வயலின் கூட்டம். அந்தக் கும்பலுக்கு ‘கான் வித் த விண்ட் ஆர்க்கெஸ்ட்ரா’ என்று பெயர் வைத்தார். 1977 நவம்பர் 12 அன்று, தன் 32-ஆவது பிறந்தநாளில், குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட மயாமி பூங்கா ஒன்றில் அவர்களோடு கச்சேரி செய்தார். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் லினர்ட் ஸ்கினர்ட் குழுவினர் விமான விபத்தில் சிக்கியிருந்தார்கள், பாடகர் ரானி வான் ஸான்ட் உட்பட ஆறு பேர் இறந்திருந்தார்கள். அவர்களுடைய ‘ஸ்வீட் ஹோம் அலபாமா’ நீல் யங்கைப் பெயர் சொல்லித் திட்டுகிற பாட்டு. அன்று மேடையில் தன் ‘அலபாமா’ என்ற பாட்டோடு அவர்களுடைய அந்தப் பாட்டையும் சேர்த்துப் பாடினார்.

ஆல்பத்துக்கு வருகிறேன். முதல் பாட்டு ‘கோயிங் பேக்’கில் நான் ஜோடனை என்று தள்ளியது இந்தக் கூட்டத்தைத்தான். இப்போது கேட்டால் வேறுமாதிரி இருக்கிறது. ஆறேழு கிட்டார்கள் ஒரே சுருதியில் மீட்டும்போது எந்தக் கையும் தனியாகத் தெரிவதில்லை. நாணல் புதர் காற்றில் சலசலக்கிற மாதிரி ஒரு ஓசை, அதற்கு நடுவே இந்த ஒல்லிக் குரல். போக இடமில்லாதவன் திரும்பிப் போகிற பாட்டு அது. பின்னால் அவ்வளவு கூட்டம் இருப்பதால்தான் அவன் தனிமை இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

வாசித்தவர்களில் கவனிக்க வேண்டியவர்கள் யார்?

பென் கீத், ஸ்டீல் கிட்டார். பாட்ஸி கிளைனின் ‘ஐ ஃபால் டு பீஸஸ்’ பாட்டில் வாசித்தவர். ‘ஹார்வெஸ்ட்’ பதிவின்போது நாஷ்வில்லில் நீல் யங்கோடு சேர்ந்தவர் 2010-இல் இறக்கும்வரை கூடவே இருந்தார். பெடல் ஸ்டீல் என்பது நாம் பார்க்கிற கிட்டார் அல்ல, சின்ன மேஜை மாதிரி கால்களோடு நிற்கும். கம்பிகள் படுக்கை வசத்தில் இருக்கும். இடது கையில் உலோகக் கட்டையைக் கம்பிமேல் நகர்த்தி, வலது கை விரல்களால் மீட்டி, காலால் பெடலை அழுத்தி, முழங்காலால் ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். கர்நாடக சங்கீதத்தில் ஜாரு என்பார்களே, அந்த வழுக்கல். அதனால் நம் காது இதைச் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். கீத்தின் பெருமை என்னவென்றால், கண்ணீர் வடிக்கவைக்கிற இந்த வாத்தியத்தை அவர் மிகக் குறைவாக வாசிப்பார். ஒரு இழுப்பு, அப்புறம் மௌனம்.

ரூஃபஸ் திபடோ, ஃபிடில். அமெரிக்காவின் லூசியானாவில் பிரெஞ்சு வழிவந்தவர்களின் நாட்டுப்புற இசையான கேஜன் மரபிலிருந்து வந்தவர். தலைப்புப் பாட்டை நடக்கவைப்பது இவருடைய வில்தான்.

ஜே.ஜே. கேல், எலெக்ட்ரிக் கிட்டார். ‘ஆஃப்டர் மிட்நைட்’, ‘கொக்கெய்ன்’ பாட்டுகளை எழுதியவர். எலெக்ட்ரிக் கிட்டாரில் தான் கேட்ட மிகச் சிறந்தவர்கள் ஹெண்ட்ரிக்ஸும் கேலும்தான் என்று நீல் யங் பிற்பாடு சொன்னார். அப்பேர்ப்பட்டவர் இந்த ஆல்பத்தில் எங்கே இருக்கிறார் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது கேலின் சுபாவம்.

ஸ்பூனர் ஓல்டம் பியானோ, டிம் ட்ரம்மண்ட் பேஸ், கார்ல் ஹிம்மல் டிரம்ஸ். கிட்டார்காரர்களில் கிராண்ட் போட்ரைட் என்பவர் வழியாகத்தான் நீல் யங்கின் கைக்கு ஹாங்க் வில்லியம்ஸ் வைத்திருந்த மார்ட்டின் டி-28 கிட்டார் வந்தது. நாஷ்வில்லில் டட் டெய்லர் என்ற இசைக்கலைஞரிடம் வாங்கியது. கன்ட்ரி இசையின் ஆதி தெய்வங்களில் ஒருவர் வாசித்த பொருள். பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் இன்றைக்கும் மேடைக்கு எடுத்துப் போகிறார்.

இரண்டு லட்சம் இசைத்தட்டுகளைக் கூரையாக வேய்ந்தார் என்கிறார்களே, நிஜமா?

அவர் வாயாலேயே சொன்னது. தட்டு அச்சிடுவதற்கான மூலப் பதிவான மாஸ்டர் டேப் பயணத்தில் எங்கோ பழுதாகியிருக்கிறது. அதை வைத்து அச்சான தட்டுகளைக் கேட்டபோது ஓசை அவருக்குத் திருப்தியாக இல்லை. அதற்குள் 2,00,000 தட்டுகள் தயார். கம்பெனி நஷ்டத்தை ஏற்காது என்பதால் அத்தனையையும் தன் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொண்டார். பழுதில்லாத வேறொரு நகலிலிருந்து மறுபடி அச்சிடவைத்தார். வாங்கிய தட்டுகளை என்ன செய்தார் என்று பல வருடங்கள் கழித்து ஒரு பேட்டியில் கேட்டபோது, களஞ்சியக் கொட்டகைக்கு ஓடு வேய்ந்தேன் என்றார்.

வினைல் தட்டு நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு மதியத்துக்குத் தாங்காது, அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். வடக்குக் கலிஃபோர்னியாவின் மலைக்குளிரில் தாங்கியிருக்கலாம்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது கூரை அல்ல. ஆல்பத்தைக் கேட்கும்போது, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நாலு பேர் சேர்ந்து பாடுவதுபோல் அவ்வளவு இயல்பாக இருக்கிறது. தனியாகப் பதிந்து, மேலே கும்பலைச் சேர்த்து, ஊர் ஊராக ஸ்டுடியோ மாறி, கடைசியில் அச்சானதையும் தூக்கிப் போட்டு வந்த இயல்பு அது. ‘டுநைட்ஸ் த நைட்’டில் பிசிறும் சுருதி விலகலும் இருந்தால் இருக்கட்டும் என்று விட்ட அதே ஆள், இந்த ஆல்பத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பார்த்தார்? பிசிறு அந்த ஆல்பத்துக்குப் பொருந்தியது. இங்கே ஒரு பிசிறு வந்தால் திண்ணை கலைந்துவிடும்.

வரிகள் புரியுமா? ஆங்கிலம் கஷ்டமாக இருக்குமோ?

சுலபமான ஆங்கிலம்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாத வார்த்தை அதிகம் இருக்காது. பாட்டுப் பொருளும் சுற்றி வளைப்பதில்லை. தலைப்புப் பாட்டு, அலைகிற காலம் ஒன்று வரும், ஒரு இடத்தில் நிலைக்கிற காலமும் வரும் என்கிறது. இப்படிச் சுழல்கிற உலகத்தில் நெட்டை மரங்கள் சாய்ந்து விழாமல் நிற்பதே அதிசயம் என்று ஒரு இடத்தில் வியக்கிறார். விவசாயி மாதிரி ஒரு வியப்பு. இதைத் தத்துவம் என்று சொன்னால் அவரே சிரிப்பார்.

‘ஃபீல்ட் ஆஃப் ஆப்பர்சூனிட்டி’யில் காதலி கைவிட்ட கதையைச் சொல்லப் போகிறேன், உங்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறார். பிறகு மறுபடி உழவுக் காலம் வந்துவிட்டது என்று குதித்துக்கொண்டு பாடுகிறார். ‘ஹ்யூமன் ஹைவே’யில் பனிமூட்ட மலையிலிருந்து இறங்கி வந்தவன் மனிதர்களின் நெடுஞ்சாலையில் வழி தவறுகிறான். இந்தப் பாட்டு 1973-லேயே இருந்தது. கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷோடு சேர்ந்து இதே பெயரில் ஒரு ஆல்பம் போடுவதாக இருந்து, அவர்களுக்குள் ஒத்துப்போகாமல் நின்றுவிட்டது. ஐந்து வருடம் காத்திருந்த பாட்டு.

‘ஆல்ரெடி ஒன்’ யாரைப் பற்றியது?

நடிகை கேரி ஸ்னாட்கிரெஸும் நீல் யங்கும் சேர்ந்து வாழ்ந்து பிரிந்தவர்கள். 1972-இல் பிறந்த அவர்கள் மகன் ஸீக்குக்குப் பெருமூளை வாதம். பிரிந்துவிட்டோம், ஆனாலும் நாம் ஏற்கெனவே ஒன்றாகிவிட்டவர்கள், நம் மகன் அதை மறக்கவிட மாட்டான் என்று சொல்கிற பாட்டு இது. குறை சொல்வதில்லை, திரும்பி வா என்றும் கேட்பதில்லை.

ஆல்பம் வந்த 1978-இல்தான் நீல் யங் பெகியைத் திருமணம் செய்துகொண்டார். புது வாழ்க்கையின் வாசலில் நின்றுகொண்டு பழைய வாழ்க்கைக்கு இவ்வளவு மரியாதையாக ஒரு பாட்டு. அதைப் பாடும்போது கூடக் குரல் கொடுப்பவர் லார்சன், மூன்றாவது ஆள். பிரிந்த இருவரில் ஒருவருக்காக வேறொருவர் வந்து பேசுவதுபோல இருக்கும். கரண்ட் போன அந்த இரவில் என்னை நிறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

பிடிக்காத பாட்டு ஏதாவது?

‘மோட்டார்சைக்கிள் மாமா’. லார்சன் தொண்டையைத் திறந்து பாடுகிறார், அவருக்கு அதில் குஷி இருந்திருக்கும். ஆனால் சாராயக்கடை ப்ளூஸ் பாட்டு இந்த வீட்டுக்குள் எதற்கு? அதுவும் கடைசிப் பாட்டுக்கு முந்தைய இடத்தில். சிலர் இது ஆல்பத்தின் மெல்லிசைக்கு நடுவே ஒரு மாற்று, தேவை என்கிறார்கள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

‘பீஸ் ஆஃப் மைண்ட்’ மோசமில்லை, ஆனால் மனதில் ஒட்டவும் இல்லை.

கடைசிப் பாட்டு அவர் எழுதியதில்லையே, ஏன் சேர்த்தார்?

‘ஃபோர் ஸ்ட்ராங் விண்ட்ஸ்’. கனடாவில் இதைத் தெரியாதவர்கள் குறைவு. எழுதியவர் இயன் டைசன். பின்னாளில் மனைவியான சில்வியாவோடு இயன் அண்ட் சில்வியா என்ற பெயரில் 1963-இல் வெளியிட்டார். 2005-இல் கனடாவின் சிபிசி வானொலி நேயர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தபோது, கனடாவின் மிகச் சிறந்த பாட்டாக முதல் இடம் பிடித்தது இதுதான்.

கதை எளிது. பருவ வேலைக்கு ஊர் ஊராகப் போகிற ஒருவன். இங்கே வேலை முடிந்தது, ஆல்பர்ட்டா பக்கம் போகிறேன், இலையுதிர் காலத்தில் அங்கே நன்றாக இருக்கும், தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நிலைமை சரியாக இருந்தால் உனக்குப் பயணக் காசு அனுப்புகிறேன். ஆனால் அதற்குள் குளிர்காலம் வந்துவிடும், நீ வந்தும் பிரயோஜனமில்லை. அவளை அழைக்கிறானா, வேண்டாம் என்கிறானா? இரண்டும்தான். பாட்டின் ஜீவன் அந்தத் தடுமாற்றத்தில் இருக்கிறது.

பதினாறு, பதினேழு வயதில் மானிடோபாவின் ஃபால்கன் லேக்கில் இருந்த ஜூக்பாக்ஸில் கையிலிருந்த காசையெல்லாம் போட்டு இந்தப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டதாக நீல் யங் மேடையில் சொல்லியிருக்கிறார். பதினைந்து வருடம் கழித்து அதைப் பாடும்போது புதிதாக எதுவும் செய்ய முயலவில்லை. மெதுவாக, அடக்கமாக, லார்சனோடு சேர்ந்து பாடுகிறார். அசலில் இயனும் சில்வியாவும் பாடியதால், இங்கேயும் ஆணும் பெண்ணும் பாடுவது பொருந்திவிடுகிறது. போகிறவன் மட்டும் பேசுகிற பாட்டு, ஆனால் விடப்படுகிறவளும் அதே வார்த்தைகளைக் கூடவே பாடுகிறாள்.

டைசன் பின்னாளில் ஆல்பர்ட்டாவில் மாட்டுப் பண்ணை வைத்துக் குதிரையும் கவ்பாய் பாட்டுமாக வாழ்ந்தார். 2022 டிசம்பரில் காலமானார்.

‘ஹார்வெஸ்ட்’டா, இதுவா?

‘ஹார்வெஸ்ட்’டின் நல்ல பாட்டுகள் இதன் நல்ல பாட்டுகளைவிட உசத்தி. மறுக்கவில்லை. ஆனால் அதில் லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா வந்து உட்கார்ந்த இரண்டு பாட்டுகள் எனக்கு இன்னமும் செரிக்கவில்லை. முழுசாக உட்கார்ந்து கேட்பதற்கு இப்போதெல்லாம் இதைத்தான் எடுக்கிறேன்.

எங்கே கேட்கலாம்?

பெரும்பாலான செயலிகளில் கிடைக்கிறது. கொரோனா தடுப்பூசி பற்றிய பொய்த் தகவல்களுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று 2022 ஜனவரியில் நீல் யங் ஸ்பாட்டிஃபையிலிருந்து தன் பாட்டுகளை எடுத்துவிட்டார், 2024-இல் திரும்பி வந்தன. ஒலித்தரம் முக்கியம் என்பவர்களுக்கு அவருடைய சொந்த ஆவணத் தளம் இருக்கிறது, சந்தா கட்ட வேண்டும். டம்ளரில் செருகியும் கேட்கலாம்.

வரிசை மாற்றாமல் கேளுங்கள் என்பேன். கலைத்துப் போட்டால் ‘லுக் அவுட் ஃபார் மை லவ்’வின் உறுமல் அடங்கி ‘லாட்டா லவ்’ மெதுவாகத் தொடங்குகிற இடம் போய்விடும்.

இது பிடித்துவிட்டது. அடுத்து என்ன?

‘ஹார்வெஸ்ட் மூன்’, 1992. ஏறக்குறைய இதே ஆட்கள், பதினான்கு வயது கூடியவர்கள். 1985-இன் ‘ஓல்ட் வேஸ்’ முழுக்கக் கன்ட்ரி, எனக்குக் கொஞ்சம் திகட்டும். இயன் அண்ட் சில்வியாவின் பழைய பதிவுகளையும் தேடிக் கேளுங்கள்.

ஆனால் நான் முதலில் கைகாட்டுவது 2025-இல் வெளியான ‘ஓஷன்சைட் கன்ட்ரிசைட்’. 1977-இல் பதிவாகி, வெளிவராமல் பெட்டிக்குள் கிடந்தது. ஒரு பக்கம் அவர் தனியாகப் பாடியவை, மறுபக்கம் நாஷ்வில்லில் சின்னக் குழுவோடு பாடியவை. ‘கோயிங் பேக்’கும் ‘ஹ்யூமன் ஹைவே’யும் அதில் தனியாள் கோலத்தில் இருக்கின்றன. வயலின் இல்லை, கிட்டார்க் கூட்டம் இல்லை, லார்சன் இல்லை. மோ ஆஸ்டின் அன்று கேட்டது ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் கேட்டபோது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்த இரண்டாவது குரல் வரும் என்று என் காது காத்துக்கொண்டே இருந்தது.